தமிழ் விக்கிப்பீடியாவில் பேண்தகு வளர்ச்சித் தொகுப்பு இயக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேண்தகு வளர்ச்சி (sustainable development) குறித்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுப்பு இயக்கம் நடத்த விரும்பும் கல்லூரித் துறைகள், நூலக வாசகர் வட்டங்கள், சூழல் அமைப்புகளுக்கான பக்கம் இது. தமிழ்நாடு, இலங்கை நிலைமைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அடுத்த வாரமே துப்புரவுப் பட்டியலில் சேரும் இருநூறு கட்டுரைகளைவிட, ஓராண்டு கழித்தும் நிற்கும் இருபது கட்டுரைகள் மேல்.

தொகுப்பு இயக்கம் என்பது என்ன?

குறித்த காலத்துக்குள், குறித்த பொருளில், பலர் சேர்ந்து கட்டுரைகளை எழுதுவது, விரிப்பது, சான்று சேர்ப்பது. ஒருநாள் பயிலரங்கு இதில் ஒரு பகுதிதான். அதை மட்டும் நடத்திவிட்டு நிறுத்தினால் மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கங்களில் பாதியில் விட்ட பக்கங்கள்தான் மிஞ்சும், ஏனென்றால் புதியவர் ஒருவர் சான்றுகளோடு ஒரு கட்டுரையை முடிக்க மூன்று நான்கு முறை உட்கார வேண்டியிருக்கும்.

17 இலக்குகளுக்கும் ஆளுக்கொரு கட்டுரை கொடுத்துவிட்டால் போதாதா?

போதாது. பெரும்பாலும் இதுதான் முதல் சறுக்கல். ஐ.நா. பொதுச்சபை 2015 செப்டம்பர் 25 அன்று ஏற்ற 2030 செயல்திட்டத்தில் 17 பேண்தகு வளர்ச்சி இலக்குகளும் அவற்றின்கீழ் 169 உள்ளிலக்குகளும் உள்ளன. அவை ஒரு சட்டகம். ‘வறுமை ஒழிப்பு’, ‘தூய்மையான ஆற்றல்’ போன்ற அகன்ற தலைப்பைப் புதியவரிடம் கொடுத்தால் பள்ளிக் கட்டுரைதான் வரும்: பொதுவான வாக்கியங்கள், அறிவுரை, சான்று இல்லாத கவலை. அதே ஆளிடம் ஓர் இடத்தையோ திட்டத்தையோ சட்டத்தையோ கொடுத்துப் பாருங்கள், தகவல் தேடத் தொடங்கிவிடுவார்.

ஆற்றல் இலக்கு என்றால் முப்பந்தல் காற்றாலைப் பண்ணை, 648 மெகாவாட் திறனுள்ள கமுதி சூரிய மின் நிலையம், 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட மன்னாரின் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைப் பண்ணை. நீர் என்றால் 2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்குக் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைட்ரேட்டுச் சிக்கல். கடல் என்றால் 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம். நிலவாழ் உயிர்கள் என்றால் மதுரை அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலம், கடவூர் தேவாங்கு சரணாலயம், மன்னார் வங்காலைச் சரணாலயம். பசிப்பிணி நீக்கம் என்றால் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். இவற்றில் பலவற்றுக்கு ஏற்கெனவே பக்கம் இருக்கலாம். இருந்தால் இன்னும் நல்லது. மூன்று வரிக் குறுங்கட்டுரையை விரிப்பது புதியவருக்குப் பாதுகாப்பான தொடக்கம், நீக்கப்படும் அச்சமும் இல்லை.

தலைப்புப் பட்டியலை எப்படித் தயாரிப்பது?

இயக்கத்தின் தரம் இங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது. இருபது பங்கேற்பாளர்களுக்கு அறுபது தலைப்புகள் தேவை. தேர்வு செய்ய இடமிருக்க வேண்டும், சில தலைப்புகள் சான்றில்லாமல் கைவிடப்படும்.

ஆங்கில விக்கிப்பீடியாவின் ஒரு பகுப்பை (ஒரே பொருள் சார்ந்த கட்டுரைகளின் தொகுதியை) எடுத்து, அதில் தமிழ்ப் பக்கம் இல்லாதவற்றை மட்டும் பட்டியலிட பெட்ஸ்கேன் கருவி உதவும். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஆங்கிலத்தில் எழுதப்படாத உள்ளூர்த் தலைப்புகள் விடுபட்டுவிடும். எனவே மாவட்டப் புள்ளிவிவரக் கையேடு, வனத்துறை அறிவிக்கைகள், ராம்சர் தளங்களின் (பன்னாட்டு ஒப்பந்தத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களின்) தகவல் தாள்கள் ஆகியவற்றிலிருந்தும் தலைப்புகளை எடுங்கள். ராம்சர் தாளில் பரப்பளவு, ஆயத்தொலைவு, உயிரினங்கள், அச்சுறுத்தல்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். புதியவருக்கு இதைவிட வசதியான சான்று அரிது.

ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே குறைந்தது இரண்டு சார்பற்ற சான்றுகளின் இணைப்பை ஒருங்கிணைப்பாளரே போட்டு வைக்க வேண்டும். சான்று கிடைக்காத தலைப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘பங்கேற்பாளரே தேடிக்கொள்ளட்டும்’ என்று விட்டால் வலைப்பதிவுகளும் சமூக ஊடகப் பதிவுகளும்தான் மேற்கோளாக வந்து சேரும்.

பட்டியலை முடிக்குமுன் மாற்றுப் பெயர்களில் தேடிப் பாருங்கள். கோடியக்கரையைப் பாயிண்ட் கலிமர் என்றும், ஈரநிலத்தைச் சதுப்புநிலம் என்றும் முன்பே யாராவது எழுதியிருக்கலாம். இலங்கையில் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்றும் தமிழ்நாட்டில் ‘நிலையான வளர்ச்சி’ என்றும் வழங்குவதால், ஒரு தலைப்பில் கட்டுரையை வைத்து மற்றப் பெயர்களில் தேடுவோரையும் அங்கேயே கொண்டுசேர்க்கும் வழிமாற்று போட்டுவிடுங்கள். பெயரைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம்.

எத்தனை நாள் நடத்துவது? எத்தனை பேர் வேண்டும்?

மூன்று வாரத் தயாரிப்பு, நான்கு வார எழுத்து, இரண்டு வாரச் சரிபார்ப்பு. ஈரநில நாள் (பிப்ரவரி 2), நீர் நாள் (மார்ச் 22), சுற்றுச்சூழல் நாள் (ஜூன் 5) போன்றவற்றை ஒட்டித் தொடங்கினால் செய்தி பரவும். கல்லூரி மாணவர்களை நம்பினால் பருவத் தேர்வு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பயிற்சியில் எட்டுப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி. ஐம்பது பேர் அரங்கில் ஒருவர் திரையைக் காட்டிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும், தொகுப்பு கிடைக்காது.

விக்கிப்பீடியாவில் யாரிடம் அனுமதி பெறுவது?

அனுமதி என்று ஒன்று இல்லை. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் முன்கூட்டியே அறிவிப்பது முக்கியம். நாள், எதிர்பார்க்கும் பங்கேற்பாளர் எண்ணிக்கை, தலைப்புப் பட்டியல், பொறுப்பாளர்களின் பயனர் பெயர் ஆகியவற்றை எழுதி, கருத்துக் கேளுங்கள். திடீரென்று ஒரே பிற்பகலில் முப்பது புதுக் கணக்குகள் பக்கம் உருவாக்கத் தொடங்கினால், அண்மைய மாற்றங்களைக் கண்காணிக்கும் சில தன்னார்வலர்களின் தலையில்தான் அத்தனை வேலையும் விழும். அவர்கள் மாலையில் வேலை முடித்து வந்து இதைச் செய்பவர்கள். முன்பே சொன்னால் கூடவே நின்று திருத்தித் தருவார்கள்.

பயிலரங்கில் ஏழாவது ஆளுக்குப் பிறகு கணக்கு உருவாக்க முடியவில்லை. ஏன்?

ஒரே ஐ.பி. (IP) முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகள்தான் உருவாக்க முடியும் என்பது கட்டுப்பாடு. கல்லூரியின் வைஃபையில் இருப்போர் எல்லோரும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள். எளிய தீர்வு, பங்கேற்பாளர்கள் முந்தைய நாளே வீட்டிலிருந்து கணக்கைத் தொடங்கி, பயனர் பெயரை உங்களுக்கு அனுப்புவது. அது முடியாதபோது, விக்கிமீடியாவின் தொழில்நுட்பக் கோரிக்கைகளுக்கான பாப்ரிகேட்டர் (Phabricator) தளத்தில் உங்கள் வெளி முகவரி, நாள், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு விலக்குக் கேளுங்கள். ஒரு வாரமாவது முன்பே கேட்க வேண்டும். அன்று காலையில் கேட்டுப் பயனில்லை.

கைபேசி இணையத்துக்கு மாறினாலும் சில நேரம் ‘தடுக்கப்பட்ட முகவரி’ என்று வரும். பல்லாயிரம் பேர் பகிரும் முகவரி அது, எவரோ விஷமம் செய்ததற்கான தடை. கணக்கு ஏற்கெனவே இருந்தால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது.

பயனர் பெயராகக் கல்லூரி, நிறுவனப் பெயரை வைக்கக் கூடாது. ஒரு கணக்கைப் பலர் பகிரவும் கூடாது.

தமிழில் தட்டச்சத் தெரியாதவர்களை என்ன செய்வது?

விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டியிலேயே தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறைகள் உண்டு. கண்ட்ரோல் (Ctrl), எம் (M) விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மாறும். கைபேசியில் பழகியவர்கள் கைபேசியிலேயே எழுதட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்பை அப்படியே ஒட்டினால் குப்பையாக வரும், முதலில் யூனிக்கோடுக்கு மாற்றுங்கள்.

குறைந்தபட்ச நீளத்தைப் பைட்டில் சொல்வதா, சொல்லில் சொல்வதா?

சொல்லில். பிற மொழிப் போட்டிகளின் விதியைப் படியெடுத்து ‘3,000 பைட்டு’ என்று போட்டுவிடுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘கி’ போன்ற உயிர்மெய்க்கு இரண்டு குறியீடுகள், ஆகவே ஆறு பைட்டு. ஆங்கிலத்தில் ஏறத்தாழ 500 சொல் தேவைப்படும் 3,000 பைட்டைத் தமிழில் 120 சொல்லிலேயே தொட்டுவிடலாம். தகவல் பெட்டியும் (பக்க ஓரத்துச் சுருக்க அட்டவணை) மேற்கோளுக்கான ஆயத்த வடிவங்களான வார்ப்புருக்களும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், உரையே இல்லாத பக்கம்கூடத் தகுதி பெற்றுவிடும். தகவல் பெட்டி, பட்டியல், மேற்கோள் நீங்கலாக 300 சொல், குறைந்தது மூன்று சார்பற்ற சான்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கலாமா?

தாராளமாக. உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தினால் மூலக் கட்டுரையின் பெயர் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது இடும் சிறு குறிப்பில்) தானே பதிவாகும், பிறமொழி இணைப்பும் தானே அமையும். கையால் மொழிபெயர்த்தால் இரண்டையும் நீங்களே செய்ய வேண்டும். மூலத்தைக் குறிப்பிடுவது உரிமத்தின் நிபந்தனை.

கருவி தரும் இயந்திர வரைவை அப்படியே வெளியிடுவதுதான் பெருந்தொல்லை. செயப்பாட்டு வினையாகவே ஓடும் வாக்கியங்கள், யார் யாரை என்று புரியாத வேற்றுமை உருபுகள், ஊர்ப் பெயர்களின் தவறான எழுத்துக்கூட்டு ஆகியவை அதன் அடையாளங்கள். வத்தலக்குண்டு ‘பட்லாகுண்டு’ ஆகிவிடும். வரைவின் ஒவ்வொரு பத்தியையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், நாக்குத் தடுக்கும் இடத்தில் திருத்தச் சொல்லுங்கள். முழுக் கட்டுரையையும் பெயர்க்க வேண்டியதில்லை. அறிமுகமும் இரண்டு பிரிவுகளும் நல்ல தமிழில் இருந்தால் அது முழுமையான பங்களிப்பு.

மேற்கோள்களைத் திறந்து பார்க்காமல் மூலத்திலிருந்து இழுத்து வருவதும் தவறு. இணைப்பு இறந்திருக்கலாம், அந்தச் சான்று அந்தச் செய்தியைச் சொல்லாமலும் இருக்கலாம்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளால் எழுதலாமா?

கட்டுரை உரையை எழுதுவிக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. இல்லாத நூலையும் இல்லாத இதழையும் சான்றாகத் தரும் இயல்பு அவற்றுக்கு உண்டு, தமிழ்ச் சூழல் சார்ந்த சிறு தலைப்புகளில் இது இன்னும் கூடுதல். கட்டுரைகளை மதிப்பிடும் நடுவர்கள் பார்க்க வேண்டியவை: திறக்காத இணைப்புகள், தேடினால் கிடைக்காத தரப்புத்தக எண்கள் (ISBN), இணைப்பு முகவரியின் (URL) வாலில் ஒட்டியிருக்கும் கருவியின் பெயர், எல்லாப் பிரிவும் ஒரே நீளத்தில் இருப்பது, கடைசியில் ‘ஒட்டுமொத்தமாக’ என்று தொடங்கும் பத்தி. ஒரு பொய்ச் சான்று அகப்பட்டாலும் அந்தப் பயனரின் எல்லாக் கட்டுரைகளையும் மறுபடி பார்க்க வேண்டும்.

எண்களையும் புள்ளிவிவரங்களையும் எப்படி எழுதுவது?

ஆண்டும் மூலமும் இல்லாத எண்ணை எழுதவே வேண்டாம். இந்தத் துறையில் எண்கள் மட்டுமல்ல, அளவுகோல்களே மாறுகின்றன. கொடிய வறுமைக்கான உலக வங்கியின் கோடு 2015 அக்டோபரில் நாளொன்றுக்கு 1.90 டாலர், 2022 செப்டம்பரில் 2.15, 2025 ஜூனில் 3.00. உள்ளிலக்கு 1.1இன் வாசகத்திலோ 1.25 டாலர் என்று இருக்கிறது. ஒரு கட்டுரையின் முதல் பத்தியில் ஒரு கோட்டின்படியான விழுக்காடும், அடுத்த பத்தியில் வேறொரு கோட்டின்படியான விழுக்காடும் வந்தால், வறுமை திடீரென்று ஏறியதுபோலத் தோன்றும். எந்தக் கோடு என்பதை அதே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

இன்னொன்று: 2022க்கு முன் தமிழ்நாட்டில் ராம்சர் தளம் கோடியக்கரை ஒன்றுதான். அந்த ஆண்டின் இறுதியில் 14. 2024 முடிவில் 18. ‘தற்போது 14 தளங்கள் உள்ளன’ என்று எழுதிய பக்கம் பிழையாகிவிட்டது. ‘2022 இறுதியில் 14 தளங்கள் இருந்தன’ என்று எழுதிய பக்கம் இன்றும் சரியாக இருக்கிறது. ‘தற்போது’, ‘அண்மையில்’, ‘சமீபத்திய’ என்ற சொற்களைத் தேடி நீக்குவதையே சரிபார்ப்பின் ஒரு படியாக வையுங்கள். நிதி ஆயோக்கின் பேண்தகு வளர்ச்சி இலக்குக் குறியீட்டில் தமிழ்நாடு 78 புள்ளி பெற்றது என்றால் 2023–24 பதிப்பு என்றும், தேசியக் குடும்பநல ஆய்வின் எண் என்றால் ஐந்தாம் சுற்று, 2019–21 என்றும் குறிக்க வேண்டும்.

ஐ.நா. அறிக்கைகள் பொதுச் சொத்துதானே, அப்படியே எடுக்கலாமா?

பொதுவில் படிக்கக் கிடைப்பதும் பொதுச் சொத்தும் வேறு. விக்கிப்பீடியாவின் உரை 2023 ஜூன் முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் ‘பெயர் குறிப்பிடுதல், அதே உரிமத்தில் பகிர்தல் 4.0’ உரிமத்தில் வருகிறது. அதில் வணிகப் பயன்பாட்டுக்கும் இடமுண்டு. ஆகவே ‘வணிகமல்லாப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு வரும் உலக சுகாதார அமைப்பின் வெளியீடுகளிலிருந்து உரையை எடுக்க முடியாது. யுனெஸ்கோவின் திறந்த அணுக்க வெளியீடுகள், உலக வங்கியின் திறந்த களஞ்சிய வெளியீடுகள் பலவற்றின் உரிமம் பொருந்தும், ‘அவர் வேர்ல்டு இன் டேட்டா’ (Our World in Data) தளத்தின் வரைபடங்களும் அப்படியே. ஒவ்வொரு ஆவணத்தின் உரிமத்தையும் படித்துவிட்டு முடிவெடுங்கள், ஏனெனில் ஒரே நிறுவனத்தின் இரு வெளியீடுகள் இரு உரிமங்களில் வரலாம். தகவலை உங்கள் சொற்களில் எழுதிச் சான்று கொடுப்பதற்கு எந்த உரிமமும் தடையில்லை.

படங்கள்?

பங்கேற்பாளர் தம் கைபேசியில் எடுத்த படத்தை விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றலாம். கூகுளில் கிடைத்ததை ஏற்றக் கூடாது. இந்தியச் சட்டம் பொது இடத்துக் கட்டடங்களையும் சிற்பங்களையும் படமெடுத்து வெளியிட அனுமதிக்கிறது; சுவரோவியம், சரணாலயத் தகவல் பலகை போன்ற தட்டையான படைப்புகளுக்கு அது பொருந்தாது. செயற்கைக்கோள் படம் வேண்டுமென்றால் நாசாவின் படங்கள் பெரும்பாலும் பொதுச் சொத்து.

அருகிவரும் உயிரினங்கள், பறவைக் கூடுகளின் படங்களில் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். தேவாங்கின் இருப்பிடம் வேட்டைக்காரர் கைக்குப் போய்விடக் கூடாது.

தமிழ்ச் சான்றுகளை எங்கே தேடுவது?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் தளம், மாவட்ட நூலகங்களின் பழைய இதழ்த் தொகுப்புகள். கட்டணம் கேட்கும் ஆய்விதழ்களுக்கு விக்கிப்பீடியா நூலகம் உண்டு, ஆனால் கணக்குக்கு ஆறு மாத வயதும் 500 தொகுப்புகளும் வேண்டும். புதியவர்களுக்குக் கிடைக்காது என்பதால், மூத்த பயனர் ஒருவரிடம் தேவைப் பட்டியலைக் கொடுத்து வையுங்கள்.

எங்கள் தொண்டு நிறுவனத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாமா?

வேண்டாம். ஊழியரோ உறுப்பினரோ தம் அமைப்பைப் பற்றி எழுதுவது நலமுரண். அமைப்பு குறிப்பிடத்தக்கது என்று தோன்றினால், சான்றுகளைப் பேச்சுப் பக்கத்தில் வைத்துப் பிறரை எழுதக் கேளுங்கள். சம்பளமோ உதவித்தொகையோ பெற்றுக்கொண்டு தொகுப்பவர், யாருக்காக எழுதுகிறார் என்பதைப் பயனர் பக்கத்திலோ தொகுப்புச் சுருக்கத்திலோ வெளிப்படுத்த வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. நிறுவனத்தின் பயிற்சி மாணவருக்கும் இது பொருந்தும்.

கூடங்குளம், தூத்துக்குடி உருக்காலை போன்ற சர்ச்சைத் தலைப்புகளைத் தரலாமா?

புதியவர்களிடம் தர வேண்டாம். உணர்ச்சி இருப்பது இயல்பு, அந்த அக்கறைதான் பலரை இயக்கத்துக்கே அழைத்து வருகிறது. ஆனால் யார் என்ன சொன்னார், எந்த நீதிமன்றம் எந்த நாளில் என்ன தீர்ப்பளித்தது என்று பெயரிட்டு எழுதப் பழகிய கை வேண்டும்.

பரிசு கொடுக்கலாமா?

எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் எண்ணிக்கைதான் வரும். கடைசி இரண்டு நாளில் குறுங்கட்டுரைகள் மழையாகப் பொழியும், அதைச் சீர்செய்ய மாதங்கள் ஆகும். நடுவர்கள் தேர்ந்த சிறந்த ஐந்து கட்டுரைகளுக்கு நூல்கள் கொடுங்கள். இடம், உணவு, இணையச் செலவுக்கு விக்கிமீடியா அறக்கட்டளையின் விரைவு நல்கை (500 முதல் 5,000 டாலர்) உண்டு; தொகுப்புக்குக் கூலி கொடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

மதிப்பீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு கட்டுரையை ஒழுங்காகப் பார்க்க அரை மணி நேரம். நூறு கட்டுரை என்றால் ஐம்பது மணி நேரம். ஒரே நடுவர் இருந்தால் இரண்டாம் வாரத்தில் சோர்ந்துபோவார், அதன்பின் எல்லாம் ‘சரி’ என்றே விழும். மூன்று பேரை வையுங்கள். கட்டுரைகள் வர வர அன்றன்றே பாருங்கள். முதல் வாரத்திலேயே குறையைச் சொன்னால் பங்கேற்பாளர் அடுத்த கட்டுரையில் திருத்திக்கொள்வார், முடிவில் சொன்னால் யாருக்கும் உதவாது. ஃபவுண்டன் கருவியில் கட்டுரைகளைச் சமர்ப்பிக்கவும் ஏற்கவும் மறுக்கவும் முடியும். நிகழ்வு டாஷ்போர்டு, சேர்த்த சொற்களையும் மேற்கோள்களையும் எண்ணித் தரும். அதன் நேரம் உலகப் பொது நேரம் என்பதை மறக்க வேண்டாம்: இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 5.30க்குத்தான் அங்கே நாள் முடிகிறது. கடைசி நாள் தகராறு பெரும்பாலும் இதனால்தான்.

என் கட்டுரையை நீக்கிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

நீக்கிய நிர்வாகியின் பேச்சுப் பக்கத்தில் காரணம் கேளுங்கள். பதிப்புரிமை மீறல் என்றால் மீட்க மாட்டார்கள், புதிதாகத்தான் எழுத வேண்டும். சான்றின்மை, விளம்பர நடை என்றால் உங்கள் பயனர்வெளிக்கு (உங்கள் பயனர் பெயரின்கீழ் உள்ள பக்கத்துக்கு) நகர்த்தித் தரக் கேட்கலாம். அதே உரையை மறுபடி ஒட்டுவது மட்டும் கூடாது.

இயக்கம் முடிந்தபின் கட்டுரைகளை யார் பார்த்துக்கொள்வது?

தொடங்கும்போதே முடிவு செய்ய வேண்டிய விஷயம். இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள் எல்லாக் கட்டுரைகளையும் தங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்றக் கட்டுரைகளிலிருந்து இணைப்பு வராத பக்கத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள், எனவே ஒவ்வொன்றுக்கும் ஊர், மாவட்டம், துறை சார்ந்த மூன்று பக்கங்களிலிருந்தாவது இணைப்புக் கொடுத்து, விக்கித்தரவில் (Wikidata) பிறமொழிப் பக்கங்களோடு பிணையுங்கள். அரசுத் தளங்களின் முகவரிகள் அடிக்கடி மாறுவதால், மேற்கோள்களின் படியை, இணையப் பக்கங்களைக் காப்பகப்படுத்தும் வேபேக் மெஷினில் அன்றே சேமித்து, அந்த இணைப்பையும் மேற்கோளில் போடுங்கள். ஆறாவது மாதத்தில் எல்லோரையும் இரண்டு மணி நேரம் இணையத்தில் கூட்டி, ஆண்டு குறித்த எண்களை மட்டும் புதுப்பியுங்கள். நீக்கப்பட்டவை எத்தனை, ஏன் என்பதையும் சேர்த்து அறிக்கையை ஆலமரத்தடியில் இடுங்கள், அடுத்து நடத்துபவர் அதைத்தான் முதலில் தேடுவார்.